கோழியும் அன்னாசியும் கிராமத்தில். கடைசி லாபம் மட்டும் ஏன் பட்டணத்தில்?

கோழி வளர்ப்பவர் கோழியை விற்கிறார். அன்னாசி பயிரிடுபவர் பழத்தை விற்கிறார். மாடு வைத்திருப்பவர் பாலை விற்கிறார். இவற்றை எல்லாம் வாங்கிப் போய், இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவே வைத்து விற்பவர் வேறொருவர். வெயில், மழை, நோய், விலைச் சரிவு ஆகிய தொல்லைகள் எல்லாம் முதல் மூவருக்கு. கடைசி ஒரு மணி நேர வேலையும் அதற்குரிய வருமானமும் நான்காமவருக்கு. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஒரு பங்காவது விளைவித்தவர் கையில் ஏன் இருக்கக் கூடாது? சிறு விவசாயிகள் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

பட்டணத்துப் பேக்கரிகளில் கோழி சாலட் சாண்ட்விச் என்று ஒன்று விற்கிறார்கள். பெயர்தான் புதிது, செய்முறையில் மர்மம் எதுவும் இல்லை. வேகவைத்து ஆறிய கோழிக்கறியை எலும்பு நீக்கி உதிர்த்து, புளிப்பும் வழவழப்பும் உள்ள ஒரு கலவையில் பிசறி, ரொட்டிக்கு நடுவே வைத்தால் அதுவே சாண்ட்விச். அதோடு அன்னாசி, மாம்பழம், தேங்காய் என ஏதேனும் சேர்ந்தால் ‘வெப்பமண்டலச் சுவை’ என்று ஒரு பட்டம் சூட்டுகிறார்கள். பட்டம் சூட்டியதும் விலையும் ஏறிவிடுகிறது. வெப்பமண்டலம் என்பது எங்கோ கடலுக்கு நடுவே உள்ள தீவு அன்று. அது கொல்லிமலைச் சரிவும், கிருஷ்ணகிரி மாந்தோப்பும், வாய்க்கால் ஓரத்துத் தென்னையும்தான்.

அரசியின் விருந்தில் கறிப்பொடி

இந்த வகை உணவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1953 ஜூன் 2 அன்று இங்கிலாந்தில் இரண்டாம் எலிசபெத் அரசிக்கு முடிசூட்டு விழா நடந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்த விருந்தினர் சுமார் 350 பேருக்குப் பகல் விருந்து அளிக்க வேண்டியிருந்தது. முன்கூட்டியே சமைத்து, ஆறவைத்துப் பரிமாறத் தக்க பண்டமாக அது இருக்க வேண்டும். லண்டனில் சமையல் பள்ளி நடத்திய ரோஸ்மேரி ஹியூம், கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்ற இரு பெண்மணிகளிடம் அந்தப் பொறுப்பு வந்தது. அவர்கள் செய்தது என்ன? வெங்காயத்தை வதக்கி, அதில் கறிப்பொடியைப் போட்டுக் கிளறி, ஆப்ரிகாட் பழக்கூழும் எலுமிச்சையும் சேர்த்து, மயோனைஸில் கலந்து, ஆறிய கோழிக்கறியின் மேல் ஊற்றினார்கள். அதுவே பின்னாளில் ‘முடிசூட்டுக் கோழி’ என்ற பெயரில் பரவி, அந்நாட்டில் சாண்ட்விச்சுக்குள் வைக்கும் சாதாரண உணவாகிவிட்டது. காலப்போக்கில் ஆப்ரிகாட்டுக்குப் பதில் மாங்காய்ச் சட்னி சேர்ப்பவர்களும் பெருகினர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விருந்தைச் சிறப்பாக்கிய கறிப்பொடியில் இருப்பவை மஞ்சள், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், மிளகாய் முதலியவை. பிரிட்டன் கடைகளில் ‘மெட்ராஸ் கறிப்பொடி’ என்ற பெயர் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. சரக்கு இங்கிருந்து போயிற்று. பெயர் இங்கிருந்து போயிற்று. கலக்கும் வேலையும் அதன் வருமானமும் மட்டும் அங்கே தங்கின. கடல் கடந்து நடந்த அதே கதைதான் இன்று கிராமத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே நடக்கிறது.

ஒரே மாவட்டத்தில் எல்லாம் உண்டு

நாமக்கல் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முட்டைக்குப் பெயர் பெற்ற இடம் அது. முட்டைக்கோழி ஏறத்தாழ 20-ஆவது வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. 72 முதல் 80 வாரம் வரை, பராமரிப்பு நன்றாக இருந்தால் அதற்கு மேலும், பண்ணையில் வைத்திருக்கிறார்கள். பிறகு தீவனச் செலவுக்குக் கட்டுபடி ஆகாது என்று கழித்து விடுகிறார்கள். அப்படிக் கழிக்கும் கோழி கிலோக் கணக்கில் லாரி ஏறுகிறது. விலை ஏறும் நாளும் உண்டு. இறங்கும் நாளும் உண்டு. அந்த விலையைச் சொல்லும் இடத்தில் சிறு பண்ணையாளர் இருப்பதில்லை.

அதே மாவட்டத்தில் கொல்லிமலை இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் அன்னாசி, பலா, மலைவாழை, மிளகு, காபி எல்லாம் உண்டு. பருவத்தில் வரத்து பெருகும்போது பழத்தின் விலை சரிகிறது. பெரிய பழத்தை வியாபாரி எடுத்துக்கொள்கிறார். கையளவுச் சிறு பழமும், இறக்கும்போது லேசாக அடிபட்ட பழமும் கழிவாகத் தள்ளப்படுகின்றன. கீழே சமவெளியில் வெங்காயம் உண்டு. வீட்டுக்கு வீடு தயிர் உண்டு. பக்கத்து ஈரோட்டில் மஞ்சள் உண்டு. வெளியிலிருந்து வாங்க வேண்டியது ரொட்டி ஒன்றுதான். அதையும் அருகில் உள்ள சிற்றூர் பேக்கரியே சுட்டுக் கொடுத்துவிடும்.

அன்னாசி கிடைக்காத ஊரில் மாம்பழம் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாம்பழம் கூழாக்கப்பட்டு வெளிநாட்டுக்குப் போகிறது. ஆலை வாங்காத பழத்தை வீட்டிலேயே வெல்லமும் மிளகாயும் சேர்த்துப் பச்சடியாக்கினால், இதே சாண்ட்விச்சுக்கு அது இன்னும் பொருத்தம்.

இரண்டு ஆட்சேபணைகள்

இதைக் கேட்டதும் இரண்டு ஆட்சேபணைகள் எழுவது இயல்பு. “சாண்ட்விச் என்பது பட்டணத்துப் பிள்ளைகள் தீனி; கலப்பை பிடிக்கிறவனுக்கு அது எதற்கு?” என்பது முதலாவது. இதற்குப் பதில் எளிது. விளைவித்ததை எல்லாம் விளைவித்தவரே உண்ண வேண்டும் என்ற விதி இல்லை. மலையில் காபி பயிரிடுவோர் பலர் கூழ் குடித்து வளர்ந்தவர்கள்தாம். யார் உண்கிறார்களோ அவர்களுக்கு விற்பதே வியாபாரம்.

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. “பழத்தை விற்றால் பொறுப்பு அன்றே தீர்ந்தது. சமைத்த இறைச்சியை விற்று, யாருக்காவது வாந்தி பேதி வந்தால் யார் பதில் சொல்வது?” என்று கேட்பவர் சரியாகவே கேட்கிறார். இந்தத் தொழிலில் நஷ்டம் என்பது பணத்தோடு நிற்பதில்லை. ஓர் உயிரையும் தொடலாம். ஆகவே சுத்தமும் குளிர்ச்சியும் கைவராதவர் இதில் இறங்கவே கூடாது. ஆனால் அவை இரண்டும் பெரிய ஆலைக்கே உரியவை அல்ல. ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் ஒரு வீட்டுச் சமையலறையிலும் அவற்றைக் கடைப்பிடிக்க முடியும்.

கோழியைத் தேர்ந்தெடுத்தல்

முட்டையிட்டு ஓய்ந்த கோழியின் கறி கெட்டி. வயது ஏற ஏறத் தசையைப் பிணைக்கும் நார் முறுகி விடுவதே காரணம். வறுவலுக்கு ஆகாத அந்தக் குணமே இங்கே பயன்படுகிறது. நெடுநேரம் வெந்த பிறகு அது நூல் நூலாகப் பிரியும். கலவையில் சேர்த்தாலும் குழையாது. இளங்கறிக்கோழியைவிட ருசியும் அழுத்தமாக இருக்கும்.

உயிர் எடை ஒன்றரைக் கிலோ உள்ள ஒரு கோழியில், எலும்பு நீக்கிய வெந்த கறி ஏறத்தாழ 400 கிராம் தேறும். நோய்ப்பட்ட கோழியும், தானே செத்த கோழியும் எக்காரணம் கொண்டும் ஆகா. மருந்து கொடுத்த கோழியானால், அந்த மருந்துக்குக் குறித்துள்ள விலக்கு நாட்கள் கழியும் வரை அறுக்கக் கூடாது. இதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். பச்சைக் கறி வெட்டும் கத்தியும் பலகையும் தனி. வெந்த கறிக்கு உரியவை தனி. இதில் சமரசம் கூடாது.

குக்கரில் இஞ்சி, மஞ்சள், உப்புடன் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 30 முதல் 40 நிமிடம் வேகவிட வேண்டும். தொடைப் பகுதியில் சிவப்பு நீர் கசிந்தால் மேலும் வேக வேண்டும் என்று பொருள். வெந்த நீரைக் கொட்டி விடாமல் அன்றே மிளகு தட்டிப் போட்டு வீட்டாருக்கு ரசமாக்கிக் கொடுக்கலாம்.

அன்னாசியைப் பச்சையாகச் சேர்க்கலாகாது

பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அன்னாசியில் புரோமிலின் என்ற நொதி உள்ளது. அது புரதத்தை அரிக்கும். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுவது கிராமத்தில் தெரிந்த பழக்கம். அங்கே வேலை செய்வது பப்பெயின் என்ற நொதி. அதன் பங்காளிதான் இது. பச்சை அன்னாசியைக் கோழிக்கறியில் கலந்து வைத்தால் சற்று நேரத்தில் கறி கூழாகிவிடும். தயிரோடு சேர்ந்தால் கசப்பும் தட்டும். காலையில் நன்றாக இருந்த கலவை பகலில் கைத்துப் போனதென்றால், சமைத்தவரின் கைராசி காரணம் அன்று. இந்த நொதிதான் காரணம்.

பரிகாரம் சுலபம். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். பழத்தைத் தோலும் கண்ணும் நீக்கி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, கடலைப் பருமனில் நறுக்க வேண்டும். அதன் சாற்றிலேயே கொதிக்க விட்டு, கொதி வந்தபின் 10 நிமிடம் கிளறி, சாறு சுண்டியதும் இறக்க வேண்டும். சாறு சுண்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ரொட்டி ஊறி நசநசத்துப் போகாது.

சந்தைக்கு ஆகாத சிறு பழமும், மேல்தோல் மட்டும் அடிபட்ட பழமும் இதற்குத் தாராளமாக ஆகும். பூசணம் பிடித்த பழமும், புளித்த வாடை வீசும் பழமும் ஆகா. மாம்பழத்தில் இந்த நொதித் தொல்லை இல்லை. ஆனாலும் அதையும் பச்சடியாகக் காய்ச்சிச் சேர்த்தால் சீக்கிரம் கெடாது.

தேங்காய் சேர்க்க விரும்புவோர் துருவலைப் பச்சையாகப் போடாமல், ஈரம் போக வறுத்து ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். பச்சைத் துருவல் வெயிலில் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதை எந்த வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லத் தேவையில்லை.

பச்சை முட்டைக்கு இடமில்லை

பேக்கரிகளில் வழவழப்புக்குச் சேர்ப்பது மயோனைஸ். பச்சை முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்வது வழக்கம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக் கூடும். அது வயிற்றில் இறங்கினால் காய்ச்சல், பேதி; குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து. இதனால் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தடை ஆணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிருமி ஆணையைப் பார்த்து நடப்பதில்லை. கிராமத்தில் செய்யும் பண்டத்தில் பச்சை முட்டை ஒருநாளும் கூடாது.

அதற்காக முட்டையை விலக்க வேண்டியதில்லை. முட்டையை 12 நிமிடம் கொதிக்கவைத்து, மஞ்சள் கருவை மசித்து, வடிகட்டிய கெட்டித் தயிரில் அடித்தால் மயோனைஸுக்கு ஈடான வழவழப்பு வந்துவிடும். எண்ணெயும் குறைவு, செலவும் குறைவு.

இருபது சாண்ட்விச்சுக்கு அளவு

வேண்டியவை: முட்டைக்கோழி 2, அன்னாசி நடுத்தரமாக 1, வெந்து சுண்டியபின் 400 கிராம், ஒரு லிட்டர் தயிரைத் துணியில் கட்டி வடித்தது 300 கிராம், வெந்த முட்டை 4, நடுத்தர வெங்காயம் 2, எலுமிச்சை 1, கறிப்பொடி 2 தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு தேவைக்கு, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ரொட்டி 40 துண்டு.

வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, கறிப்பொடியைச் சேர்த்து, பச்சை வாடை போகும் வரை சிறுதீயில் கிளறி ஆறவைக்க வேண்டும். கறிப்பொடியை எண்ணெயில் வதக்காமல் நேரே கலந்தால் மாவு போல் நாக்கில் ஒட்டும். மசித்த மஞ்சள் கரு, கெட்டித் தயிர், எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு ஆகியவற்றை அடித்து, வதக்கியதைச் சேர்க்க வேண்டும். அதில் உதிர்த்த கறி, அன்னாசி, நறுக்கிய வெள்ளைக் கரு ஆகியவற்றைக் கலந்தால் 1,700 கிராம் அளவுக்குக் கலவை கிடைக்கும். ஒரு சாண்ட்விச்சுக்கு 80 முதல் 85 கிராம் வைக்கலாம். கலக்கும்போது எல்லாப் பொருளும் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான கறியைக் குளிர்ந்த தயிரில் கொட்டினால் கலவை வெதுவெதுப்பாகி, கிருமிக்கு விருந்து வைத்தது போலாகும்.

குளிர்ச்சி இல்லையேல் தொழில் இல்லை

கெடுக்கும் கிருமிகள் 5 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள சூட்டில் பெருகுகின்றன. வெதுவெதுப்பான இடத்தில், ஏற்ற உணவு கிடைத்தால், ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். அந்தக் கணக்கில் நான்கு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். ஆகவே சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. கோடை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

கறியை உதிர்க்கும் கையும் முக்கியம். கையில் புண், மூக்கில் சளி உள்ளவர் அன்று வேலைக்கு வரக் கூடாது. அவற்றிலிருந்து பரவும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் ஒரு நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான முட்கரண்டியாலோ கையுறை அணிந்தோ உதிர்ப்பது நல்லது.

உதிர்த்த கறியைக் குவித்து வைக்காமல், அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மூடி, ஐஸ் மேல் வைத்து ஆற்றிப் பிறகு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். விற்பனைக்குக் கொண்டு போகும்போது மீன் வியாபாரிகள் வைத்திருப்பது போன்ற தெர்மக்கோல் பெட்டி போதும். ஆனால் அது புதியதாக, இதற்கென்றே ஒதுக்கியதாக இருக்க வேண்டும். ஐஸைப் பையில் கட்டி வைத்தால் உருகும் நீர் ரொட்டியில் படாது. ஒரு சிறு வெப்பமானியைப் பெட்டிக்குள் போட்டுவைத்து அவ்வப்போது பார்ப்பது, உட்கார்ந்து உத்தேசம் சொல்வதைவிட மேல். தயாரித்த தேதி, நேரம், உள்ளே உள்ள பொருள்கள் ஆகியவற்றை உறையில் எழுதிவிட வேண்டும். கோழி இறைச்சி என்பது எடுப்பாகத் தெரிய வேண்டும். அன்று விற்காததை மறுநாள் விற்பது குற்றம். குளிர்ச்சி விட்டுப்போனதை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் தவறு.

குளிர்பெட்டியும் ஐஸும் கிடைக்காத ஊரில் வழியே இல்லையா? உண்டு. கறியையும் அன்னாசியையும் மசாலாவோடு சுண்ட வதக்கி, ஆவி பறக்கும் சூட்டிலேயே வைத்திருந்து, ரொட்டியைத் தோசைக்கல்லில் சுட்டு, கேட்பவருக்கு அப்போதே வைத்துக் கொடுக்கலாம். தயிர்க் கலவை அதில் வேண்டாம். குளிர்ச்சியாகவோ சூடாகவோ இருக்கட்டும். நடுவாந்திரமாக இருக்கக் கூடாது என்பதே விதி.

கணக்கு எழுதாமல் காரியம் கூடாது

தாளை இரண்டாக மடித்து எழுதிப் பார்க்க வேண்டும். இடப்புறம், அதே இரண்டு கோழியையும் பழத்தையும் தயிரையும் முட்டையையும் அப்படியே விற்றால் அன்றைய விலையில் கிடைக்கும் தொகை. வலப்புறம், சாண்ட்விச்சாக விற்றால் வரும் தொகை. வலப்புறத்திலிருந்து ரொட்டி, மசாலா, எரிவாயு, ஐஸ், உறை, பஸ் கட்டணம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். வீட்டார் உழைப்புக்கும் ஊரில் நடப்பிலுள்ள கூலியைப் போட்டுக் கழிக்க வேண்டும். மீதி நிற்பது இடப்புறத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் இந்தத் தொழில் கட்டுபடியாகும். கூலியைக்கூடத் தராவிட்டால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

விலை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. இருபது செய்தால் பதினைந்து விற்றாலே முழுச் செலவும் கட்ட வேண்டும். கூலி உட்பட 600 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், 15-ஆல் வகுத்து 40 ரூபாய்க்குக் குறையாமல் விலை வைக்க வேண்டும். இது விளங்கச் சொன்ன உதாரணமே, விலைப்பட்டியல் அன்று. மிச்ச ஐந்தில் விற்பது லாபம், விற்காதது சேதம். சேதத்தைக் கணக்கில் சேர்க்காதவரே பழையதை விற்கும் சபலத்துக்கு ஆளாகிறார்.

முதலில் சமைத்துவிட்டுப் பிறகு ஆள் தேடக் கூடாது. அருகில் உள்ள கல்லூரி, வங்கி, அலுவலகம் ஆகிய இடங்களில் வாரம் இரண்டு நாள், இருபது பேரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு தொடங்குவது நலம். இருபது சரியாக ஓடினால் நாற்பது. ஓடாவிட்டால் நஷ்டம் இரண்டு கோழியோடு நிற்கும்; கடனுக்கு வட்டி கட்ட வேண்டியிராது. பெரிய எந்திரமும் கடையும் வாங்கிக்கொண்டு தொடங்குவது விதைக்கும் முன் களம் கட்டுவது போல.

உழைப்பு ஒருவருடையது, பணம் ஒருவருடையதா?

இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில் விழும் என்பதை மறைப்பதற்கில்லை. கொல்லைக் கோழிக்கு இரை போடுவதும், மாடு கறப்பதும், அடுப்பு மூட்டுவதும் ஏற்கெனவே அவர்கள் வேலை. அதற்கு மேல் விடியற்காலை நான்கு மணிக்கு இன்னொரு வேலையைச் சுமத்தி, வருமானத்தை மட்டும் வேறொருவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நியாயமாகாது. பட்டணத்து வியாபாரி செய்வதைக் குறை சொல்பவர் அதையே வீட்டுக்குள் செய்யலாமா? கணக்குப் புத்தகமும் வங்கிக் கணக்கும் வேலை செய்பவர் பெயரில் இருக்க வேண்டும். நாலைந்து வீட்டார் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து, ஒரே சமையலறையில் முறை வைத்துச் செய்தால் சுமை குறையும். ஒருவர் உடல்நலமில்லாத நாளில் இன்னொருவர் இருப்பார்.

சேர்ந்தால் பலம் என்பதற்குச் சான்று கோழித் தொழிலிலேயே உண்டு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-ல் உருவானபின்தான் முட்டை விலை சொல்வதில் பண்ணையாளருக்கும் குரல் கிடைத்தது. பால் கூட்டுறவுச் சங்கங்களும் அப்படியே. அரை லிட்டர் ஊற்றுபவரும் பத்து லிட்டர் ஊற்றுபவரும் ஒரே குளிர்கலனில் சேருகிறார்கள். சீக்கிரம் கெடும் பண்டத்தைச் சிறு உற்பத்தியாளர் கையாள முடியாது என்ற பேச்சைப் பால் எப்போதோ பொய்யாக்கிவிட்டது.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ல் வந்தது. உணவு விற்கும் சிறு தொழிலாளரும் அதன்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவைத் தொல்லை என்று ஒதுக்கக் கூடாது. அது வாங்குபவருக்கு நம்பிக்கை; விற்பவருக்குப் பாதுகாப்பு. அதே வேளையில், தவறு நடந்தபின் அபராதம் போட வரும் அதிகாரி, தவறு நடக்கும் முன் ஒருமுறை சமையலறைக்கு வந்து வழி சொன்னால் என்ன? முன்னால் சொல்லும் ஒரு வார்த்தை பின்னால் எழுதும் பத்து நோட்டீசுக்குச் சமம்.

நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. முட்டைக்கோழிக் கறியைப் பதப்படுத்துவதிலும் பழத்தைப் பக்குவப்படுத்துவதிலும் அறிவு அங்கெல்லாம் குவிந்து கிடக்கிறது. அது மலைமேல் உள்ள குழுவுக்கு, மலைக்குப் போய்ச் சொல்லப்பட வேண்டும். பயிற்சி முடிந்ததும் சான்றிதழோடு ஒரு வெப்பமானியும் கொடுத்தனுப்பினால் பயன் அதிகம். 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைகள் காய்கறி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைத்தன. அங்கே ஒரு மூலையில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வைத்து, பதிவு பெற்ற உழவர் குழுக்களுக்கு முறை வைத்து இடம் கொடுத்தால் அரசுக்குப் பெரிய செலவில்லை.

எல்லா விவசாயிகளும் நாளையே ரொட்டி வெட்டப் புறப்பட வேண்டும் என்பதன்று இதன் கருத்து. பக்கத்தில் ஊர் இல்லாதவர், குளிர்ச்சிக்கு வழியில்லாதவர், கை குறைவானவர் ஆகியோர் அன்னாசிப் பச்சடியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் பழத்தைவிட ஒரு படி மேல்தான். ஆனால் கோழியும் பழமும் முட்டையும் தயிரும் ஒரே ஊரில் இருந்தும், அவற்றைக் கலக்கும் கை மட்டும் எப்போதும் அயலூர்க் கையாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு கோழி, ஓர் அன்னாசி, நாற்பது துண்டு ரொட்டி, ஒரு பெட்டி ஐஸ், ஒரு கணக்கு நோட்டு ஆகியவற்றோடு சோதித்துப் பார்க்கலாம். கணக்கு சரியென்று சொன்னால் தொடரலாம், இல்லையென்றால் நிறுத்தலாம். எதுவானாலும் அந்த முடிவை எடுப்பவர் விளைவித்தவராக இருக்கட்டும்.